நீல வலைக்குள் இருந்த கொழுக்கட்டை

அன்புள்ள இனியன்,

உன் செய்தி வந்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பி, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றிருந்தேன். "ம்மா, புது மருந்துல ஊற வெச்ச படிகத்தோட படம் வந்திருச்சு. குழியில ஏதோ இருக்கு. வெறும் படிகத்த முதல்லயே பாத்துட்டேன், அதுல இல்ல. இன்னும் உறுதி இல்ல. மாமாகிட்ட சொல்லாதீங்க." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். மறு செருப்பை எப்போது மாட்டினேன், காரை எப்படி ஓட்டினேன், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு என்ன இரசாயனம் நடத்தினேன், ஒன்றும் நினைவில்லை. ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இன்னிக்கு நீங்க ரொம்ப ஹேப்பியா இருக்கீங்க லா" என்றாள். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னது என் வாழ்நாளில் இதுதான் முதல் முறை. உன் அப்பா கேட்டால் நம்ப மாட்டார்.

வாயை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கைக்கு வேலை கொடுப்பது. அதனால்தான் பள்ளி விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போன முறை நான் அடித்த தம்பட்டம் எங்கள் கூலாய் ஊர் முழுக்கக் கேட்டது. கோயில் வாட்சாப் குழுவில் வாழ்த்துச் சொன்னவர்கள் இன்றுவரை, "உங்க பையன் மருந்து என்னாச்சு டீச்சர்?" என்று என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நீ படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும், பயப்படாதே. உனக்குத் தெரிந்த கதையையே விவரமாகச் சொல்கிறேனே, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காதே. தெரியாதவர்களும் கூட உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள். வயது ஆகத்தான் செய்கிறது, அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். ஆனால் இன்றைக்கு அந்த நினைப்பே இல்லை.

உன் மாமா, அதாவது என் தம்பி முருகையாவுக்கு, பண்டார் தெங்காரா ஊருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களோடு கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் மரத்தில் குலை வெட்டியவர்கள். சொந்த மரத்தில் வெட்டிய முதல் ஆள் அவன்தான். அந்த மரங்களுக்குக் கனோடெர்மா வந்தது. அது ஒரு பூஞ்சை. வேர் வழியாக ஏறி, அடிமரத்தை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்பதை நாம் பார்க்கும்போது பாதி மரம் போயிருக்கும். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் பூத்துவிட்டால் முடிந்தது. போட்டால் குணமாகும் என்று சொல்லும்படி மருந்து ஒன்றும் இல்லை. நோய் கண்ட மரத்தைச் சாய்த்து வேரோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால், வேரும் வேரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். நீ ஆராய்ச்சிக்கு இந்தப் பூஞ்சையையே எடுத்துக்கொண்டேன் என்று சொன்ன அன்று, மாமா ஐஸ்கிரீம் டப்பாவில் காளானைப் போட்டுக்கொண்டு உன் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றான். பாதுகாவலர் உள்ளே விடவில்லையாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறான்.

பூஞ்சை மரத்தைத் தின்பதற்கு ஒரு நொதியைச் சுரக்கிறது. நொதி என்பது ஒரு புரதம். அதன் நடுவில் ஒரு குழி இருக்கிறது, மரச்சத்து அந்தக் குழியில் மாட்டித்தான் உடைகிறது. குழியை அடைத்துக்கொண்டு உட்காரும்படி சின்ன மூலக்கூறு ஒன்று கிடைத்தால் நொதி வாயடைத்துப் போகும். அது உட்காருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? நீயும் உன் குழுவும் நொதியைப் படிகமாக வளர்த்தீர்கள். மருந்தாகக்கூடிய மூலக்கூறில் அந்தப் படிகத்தை ஊறவைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெளிநாட்டில் ஒரு பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்கு அனுப்பினீர்கள். எக்ஸ்ரே பட்டுச் சிதறிய புள்ளிகள் கணினிக்கு வந்தன. அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால், எலக்ட்ரான்கள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று ஒரு வரைபடம் கிடைக்கும். அந்த வரைபடத்துக்குள் அணுக்களைப் பொருத்துவது மனிதர்கள் வேலை, நாங்கள்தான் பொருத்துகிறோம் என்று நீ சொன்னாய். இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் காதிலேயே வாங்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மீன் குழம்பு வாசனை இன்னும் போகாத சாப்பாட்டு மேசையில் நீ மடிக்கணினியைத் திறந்தாய். கறுப்புத் திரையில் நீல வலை. அதற்குள் புரதத்தின் சங்கிலி மஞ்சள் குச்சிகளாக நெளிந்து நெளிந்து போனது. நடுக் குழிக்குள், யாரும் இன்னும் அணு வைக்காத இடத்தில், பச்சையாக ஒரு திரள். "கொழுக்கட்டை மாதிரி இருக்குடா!" என்று கத்தினேன். பிடிகொழுக்கட்டையேதான். "பச்சையா வந்தா, இங்க ஏதோ இருக்கு, நாங்க இன்னும் வைக்கலன்னு அர்த்தம் மா" என்றாய். "ஏதோ என்னடா ஏதோ, மருந்துதான்!" என்றேன். நீ மருந்து மூலக்கூறை எடுத்து அந்த இடத்தில் வைத்தாய். நீளவாக்கில் பதமாக உட்கார்ந்தது. ஒரு முனையில் இருந்த வளையம் மட்டும் வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அது ஏன் வெளிய நிக்குது?" என்று கேட்டேன். "அதான் மா எனக்கும் புரியல" என்று சொல்லிக்கொண்டே சுட்டியின் உருளையை லேசாகத் திருப்பினாய். வலை கொஞ்சம் பருத்தது. "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்றேன். திருப்பினாய். வலை வளையத்தின் ஓரத்தைத் தொட்டது. "இன்னும்டா!" வளையம் முழுக்க வலைக்குள் போய்விட்டது. நான் கைதட்டினேன், உன் அப்பா என்னவோ ஏதோ என்று அறையிலிருந்து எழுந்து வந்தார். நீ சிரிக்கவே இல்லை. "ம்மா, இப்படித் திருப்பிக்கிட்டே போனா எத வேணும்னாலும் வர வைக்கலாம். இங்க பாருங்க" என்று படத்தை நகர்த்தி, புரதத்துக்கு வெளியே ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டினாய். அங்கேயும் நீலத் துண்டுகள் ஈ மொய்த்த மாதிரி கிடந்தன. "இதெல்லாம் வெறும் இரைச்சல் மா. எவ்ளோ அடர்த்திக்கு மேல இருந்தா வலை போடணும்னு நாமதான் சொல்றோம். அந்த அளவ கொறச்சா இரைச்சலுக்கும் உருவம் வந்துடும்." நான் தலையை ஆட்டிக்கொண்டே போனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"முருகா! உன் மருமகன் மருந்து கண்டுபிடிச்சிட்டான்டா!" நீ அந்தப் பக்கம் கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறாய். "நெசமாவாக்கா?" என்றான் அவன். "என் கண்ணால பாத்துட்டேன்டா" என்றேன். பார்த்தது என்ன, நான் ஊதச் சொல்லி நீ ஊதிக் காட்டிய ஒரு வலை. போனை நீ வாங்கி, "மாமா, இன்னும் சரி பாக்கணும், அம்மா சொல்றத அப்படியே நம்பாதீங்க" என்று சொன்னாய்தான். ஆனால் அந்த முனையில் அவன் ஏற்கெனவே யாரிடமோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான், கேட்டிருக்க மாட்டான். நல்ல செய்திக்குப் பின்னால் வரும் திருத்தத்தை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. எனக்கே தெரியும், நானும் அப்படித்தான்.

நமக்குத் தெரியாமல் நடந்தது இதுதான். நோய் கண்ட ஒரு வரிசை மரங்களைத் தோண்டி எடுக்க அவன் மண் தோண்டும் இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தான். நான் பேசி முடித்ததும் அதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். இனி காய்க்கப்போகும் மரத்தை யாராவது பிடுங்குவார்களா?

வெறும் படிகத்தைப் பற்றியும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே நிலையத்தில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தை எல்லாம் மருந்தில் ஊறிய படிகங்களுக்கே கொடுத்துவிட்டீர்கள். மருந்து போடாத படிகத்தை அனுப்புவது வீண் வேலை என்று உங்கள் குழுவில் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. ஆவல் மிகுந்தவர்கள் செய்யும் தவறு அது, ஆவல் இல்லாதவர்களோ இந்த வேலைக்கே வர மாட்டார்கள். நீதான் அந்த வளையம் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று அடுத்த வாய்ப்பு வரும்வரை காத்திருந்து, அடம் பிடித்து, வெறும் படிகத்தை அனுப்ப வைத்தாய். படம் வந்தது. மருந்தே படாத அந்தப் படிகத்திலும் குழிக்குள் அதே கொழுக்கட்டை. படிகம் வளர வேண்டும் என்று கரைசலில் நீங்களே ஊற்றுகிற நீளச் சங்கிலிப் பொருள் ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு துண்டு உள்ளே புகுந்து சுகமாகப் படுத்திருந்தது. வளையம் ஏன் வெளியே நின்றது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. அங்கே வளையம் இருந்ததே இல்லை.

அன்று நீ எனக்குப் போன் போட்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா? உன் ஆய்வு என்ன ஆகும் என்று நீ பேசவில்லை. "ம்மா, மாமா அந்த மரத்தயெல்லாம் தோண்டிட்டாரா?" என்றாய். தோண்டியிருப்பான் என்றேன். உடனே அவனைக் கூப்பிட்டேன். "எதுக்குக்கா தோண்டணும்? மருமகன் மருந்துதான் வருதுல்ல?" என்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே நீ பல்கலைக்கழகத்துக்காகக் கெலாங் பாத்தாவில் தங்கியிருந்த அறையிலிருந்து கிளம்பி வந்து, கூலாயில் என்னை ஏற்றிக்கொண்டாய். வழி நெடுக நான் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம் என்றேன். "மருந்து கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லுவோம்டா, மனசு உடைஞ்சிடுவான்" என்றேன். நீ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லேட்டு இல்ல மா. இல்ல. இல்லன்னுதான் சொல்லணும்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பெரிய அரிச்சந்திரன் என்று நினைத்தேன். பண்டார் தெங்காரா வரும்வரை உன்னோடு பேசவில்லை.

மாமா வீட்டு மேசையில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாய். "மாமா, இது மருந்து போட்டது. இது போடாதது." அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு?" "ஆமா மாமா. அதுதான் பிரச்சன. அது மருந்து இல்ல. நாங்க ஊத்துன சாமான்தான் உள்ள போய் ஒக்காந்திருக்கு. எங்ககிட்ட மருந்து இல்ல மாமா." அவன் "அலமாக்" என்று மலாயில் ஒரு ஐயோ மட்டும் சொன்னான். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு மரங்களைப் பார்க்கப் போய்விட்டான். நீயும் பின்னாலேயே போனாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். நான் போன் போட்ட சமயத்தில் நன்றாக இருந்த அடுத்த வரிசையிலும் குருத்துகள் விரியாமல் நின்றன. அதன் கீழே நீங்கள் இருவரும் நின்றீர்கள். என்ன பேசினீர்கள் என்று நீயும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்பி வந்து, அவன் உனக்குச் சோறு போட்டுக்கொண்டே, மேல் ஆராய்ச்சிக்கு ஜப்பானுக்கு என்றைக்குப் போகிறாய் என்று விசாரித்தான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அந்த வாரமே இயந்திரம் வந்து இரண்டு வரிசையையும் தோண்டியது. கொஞ்ச நாளில் நீயும் ஜப்பானுக்கு விமானம் ஏறிவிட்டாய்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் உனக்குத் தெரியும். உலகத்தில் யார் கண்டறிந்த புரத வடிவத்தையும் யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்று ஒரு தளத்தைக் காட்டிவிட்டுப் போனாய். பள்ளி விட்டு வந்தால் எனக்கு அதுதான் வேலை, சீரியலையே விட்டுவிட்டேன். நாடா நாடாவாகச் சுற்றி, வண்ணம் பூசி, என்ன அழகு! ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று தசமம் வரை இடம் எழுதியிருக்கிறது. தசமத்தைப் பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நான், இரசாயன ஆசிரியை இல்லையா. அவ்வளவு துல்லியம் படத்தில் கிடையாது மா, அது எழுதும் வழக்கம், படம் எவ்வளவு தெளிவு என்று முதலில் பாருங்கள் என்று நீ சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகுதான் சுவாரசியமே பிடித்தது. ஒரு புரதத்தில் சங்கிலி நடுவில் அறுந்து கிடந்தது. உடைந்துபோன புரதம் என்று உனக்கு எழுதினேன். "உடையல மா, அந்தத் துண்டு ஆடிக்கிட்டே இருக்கு, அதான் படத்துல விழல" என்றாய். உன் சித்தப்பா கல்யாணத்துக் குடும்பப் படத்தில் நான் எங்கேயும் இல்லை. பந்தியில் பரிமாற ஓடிக்கொண்டிருந்தேன். அதற்காக நான் கல்யாணத்துக்கே போகவில்லை என்று ஆகிவிடுமா?

எனக்குத் தலைகால் புரியாமல் போனது தண்ணீர் விஷயத்தில்தான். வலையில் தனியாக ஒரு சின்ன உருண்டை இருந்தால் அது தண்ணீர் மூலக்கூறா, சோடியமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றாய். தண்ணீரில் பத்து எலக்ட்ரான். சோடியம் அயனியிலும் பத்து! எக்ஸ்ரேக்குத் தெரிவது எலக்ட்ரான்தான், அதற்கு இரண்டும் ஒன்று. சுற்றி நிற்பவை யார், எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன என்பதை வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். இத்தனை ஆண்டுகள் எலக்ட்ரானை எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அந்த எண்ணிக்கை இப்படி ஒரு சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வகுப்பில் பாடத்திட்டத்தை ஓரம் கட்டிவிட்டு இதையே நடத்தினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், மணி அடித்தது எனக்கும் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஜாக்கிரதையாக இருப்பது என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எதிலும் குறை சொல்வது என்று நான் நினைத்திருந்தேன். உன் அப்பா வழிச் சொந்தத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய, பெயர் வேண்டாம். ஆனால் சந்தேகப்பட்டு உள்ளே போகப் போக எனக்குச் சந்தோஷம் கூடத்தான் செய்கிறது. படத்தை அப்படியே நம்பியபோது பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இதில் எது அளந்தது, எது யூகித்தது, எது ஆசைப்பட்டு வைத்தது என்று கேட்க ஆரம்பித்த பிறகு ஒரே புரதத்தோடு வாரக்கணக்கில் உட்கார முடிகிறது.

இப்போது உன் புதுப் படத்துக்கு வருகிறேன். இனியன்! வெறும் படிகத்தை இந்த முறை முதலிலேயே பார்த்துவிட்டேன் என்று நீ எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அதில் இல்லாதது இதில் இருக்கிறது என்றால் சும்மா வந்திருக்காது, ஏதோ ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் மருந்தாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை, உனக்கும் ஆசை. அதனால்தான் அம்மா கெஞ்சிக் கேட்கிறேன், நாம் எதற்கு ஆசைப்படுகிறோம் என்று தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, இது என்ன என்று பார்க்கச் சொல். மருந்தை எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் பொருந்துகிறதா என்று பார். குழாயில் நொதியோடு மருந்தைக் கலந்து, நொதி நிஜமாகவே மெதுவாகிறதா என்று அளந்துபார். படிகத்தில் இருக்கும் குழிகளில் பாதியில் மட்டும் மருந்து இருந்து மீதி காலியாக இருந்தால், பாதிதான் என்று எழுது. அப்படியே எல்லாம் சரியாக வந்தாலும் அது உறைந்த ஒரு படிகத்துக்குள் நடந்தது. பண்டார் தெங்காரா வெயிலில் நிற்கும் மரத்துக்கும் அதற்கும் நடுவில் பல வருட வேலை கிடக்கிறது. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தக் குளிர் ஊரில் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்படும்போது பக்கத்தில் யாராவது சொல்ல வேண்டாமா, அதற்காகத் திருப்பிச் சொல்கிறேன். சந்தோஷப்படு. நன்றாகச் சாப்பிடு.

ஆனால் உன் செய்தியின் கடைசி வரியோடு எனக்குச் சண்டை. மாமாவிடம் சொல்லாதீர்கள் என்கிறாய். சொல்லவில்லை. ஆனால் நீ அங்கே போனதிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தீபாவளிக்கு எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினாய், அவனுக்கு மட்டும் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினாய். "மருமகனுக்கு எம்மேல ஏதும் கோவமாக்கா?" என்று என்னிடம் கேட்டான். மரத்தைப் பறிகொடுத்தவன் அவன், கோபமா என்று கேட்பவனும் அவன். எல்லாம் நிரூபணமான பிறகுதான் மாமா முகத்தில் விழிப்பேன் என்று நீ வைராக்கியமாக இருக்கிறாய், புரிகிறது. ஆனால் யோசித்துப் பார். நான் அவனுக்கு ஊதிப் பெருக்கிய படத்தைக் காட்டினேன். நீ படத்தையே காட்டாமல் மறைக்கிறாய். அவன் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று நாம் இரண்டு பேரும் அவனைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டோம்.

இவ்வளவு எழுதியபோது வாசலில் பிக்கப் வண்டிச் சத்தம் கேட்டது. பார்த்தால் அவனேதான். செனாய்க்குச் சாமான் வாங்கப் போகிற வழியில், சமையலுக்குப் பெத்தாய்க் காய் கொடுக்க வந்தானாம். எழுதிய தாள்களை அவசர அவசரமாகத் தட்டுக்கு அடியில் தள்ளினேன். "என்னக்கா, மூஞ்சி பளபளன்னு இருக்கு? மருமகன்கிட்ட இருந்து சேதியா?" என்றான். நான் கழுவிய சட்டியையே மறுபடி கழுவினேன். "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்டா" என்று வந்துவிட்டது வாயில். அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பெத்தாய்க் காயை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே, "போன வாரம் இன்னொரு மரத்துல காளான் பூத்திருச்சுக்கா. நான் தோண்டல" என்றான்.

"டேய், மறுபடியுமா! அவன் ஒண்ணும் உறுதியா சொல்லலடா. மெஷின கூப்பிடு, இப்பவே கூப்பிடு!" என்று கத்தினேன். "பொறுக்கா, கத்தாத லா" என்றான். "அந்த ஒரு மரத்த சுத்தி ஆழமா கால்வாய் வெட்டிட்டேன். வேரு அந்தாண்ட போகாது, மத்த மரத்துக்கு ஒண்ணும் ஆவாது. மருமகன் என்னிக்காவது மருந்த சோதிச்சுப் பாக்கணும்னா நெசமான மரம் ஒண்ணு வேணும்ல? அதுக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." மறுபடியும் இல்லை என்று ஆகிவிட்டால் என்னடா செய்வாய் என்று கேட்டேன். "ஆவட்டுமே" என்றான். "இல்லன்னு சொல்றதுக்கு அவ்ளோ தூரம் காரு ஓட்டிக்கிட்டு வந்த புள்ளக்கா அவன். அவன் என்னிக்கு இருக்குன்னு சொல்றானோ, அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் அவனிடம் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அவன் போன பிறகு சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு, மீதியை எழுத வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தாள்களை இப்போதே படம் பிடித்து வாட்சாப்பில் உனக்கு அனுப்புகிறேன். உனக்கு அங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனாலும் நேரம் இருக்கிறது. நீ இதைப் படித்து முடிப்பதற்குள் அவன் சாமான் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பான். கூப்பிட்டுப் பேசு ஐயா. பார்த்ததைச் சொல், இன்னும் தெரியாததையும் சேர்த்தே சொல். அவன் தாங்குவான்.

அம்மா